ஆசையம்மா பாடிய டிஸ்கோ

டிஸ்கோ என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு என்னென்னவோ நினைவுக்கு வரும். சுழலும் கண்ணாடி உருண்டை, நிலத்தைக் கூட்டுகிற பெல்பொட்டம், தோள்வரை நீண்ட சட்டைக் கொலர். எனக்குப் பருப்பு வடை பொரித்த மணம்தான் நினைவுக்கு வருகிறது. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு அதிகம் இடமிருக்காது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். இன்று அந்தப் பக்கம் போனால் இடியப்பமும் சம்பலும் பெட்டியில் கட்டி விற்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராதென்று கவலைப்படுகிற பெரிசுகள் பூங்காவில் கூட்டமாக உலாவுகிறார்கள். அன்றைக்கு இன்னொரு தமிழ்க் குரலைக் கேட்கவேண்டுமென்றால் அப்பா காரை எடுக்கவேண்டும். அப்பாவோ வேலைவிட்டு வந்தால் காரையும் எடுக்கமாட்டார், வாயையும் திறக்கமாட்டார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் பொறியியலாளர். பகல் முழுவதும் ஆங்கிலம் பேசிப் பேசி நாக்கு வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்க வரும், பேசத்தான் கூச்சம். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசல் கதவைத் திறந்து "வந்திட்டியே?" என்பார். அந்தச் சொல் எப்போதும் கரகரவென்றுதான் வரும். சிறுவயதில் அம்மாவுக்கு ஓயாத சளித் தடிமல் என்று நினைத்திருந்தேன். காலையில் நாங்கள் போனபிறகு அவர் பேசுகிற முதல் வார்த்தை அதுதான் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்து, நானும் ஒரு வீட்டுக்குள் பகல் முழுவதும் இருந்து பார்த்தபிறகுதான் புரிந்தது.

என் பாடும் அப்படித்தான். மதிய இடைவேளையில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். நின்றால் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்துவிடும். நடந்தால் எங்கோ போகிறாள் என்று நினைப்பார்கள். பதினொரு வயதில் கண்டுபிடித்த உபாயம். உங்களில் சிலரும் இதே போல் வேறு வேறு மைதானங்களைச் சுற்றியிருப்பீர்கள். அந்தக் காலத்தில் நாம் ஒருவரையொருவர் அறியவில்லை, அதுதான் துக்கம்.

இந்த வீட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு குரல் தபாலில் வரும். அது ஆசையம்மாவின் குரல். அம்மாவின் ஒரே தங்கை அவர். லண்டனுக்கு நேர்ஸ் படிப்புக்குப் போய் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அவரும் அம்மாவும் கடிதம் எழுதுவதில்லை. கசெற்றில் பேசி அனுப்புவார்கள். ஒரே கசெற்தான் போய்ப் போய் வரும். ஆசையம்மா பேசியதை அம்மா கேட்பார், திரும்பத் திரும்பக் கேட்பார், பிறகு அதற்கு மேலேயே தன் பதிலைப் பதிந்து அனுப்பிவிடுவார். அங்கே ஆசையம்மாவும் அப்படியே. பதிந்ததற்கு மேல் பதிவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் இவ்வளவு ஆண்டுப் பேச்சில் ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் வந்த கசெற்றில் ஆசையம்மாவின் குரல் ஒரே துள்ளலாக இருந்தது. குசினி மேசையில் ரேடியோ கசெற் பெட்டியை வைத்துக்கொண்டு மூவரும் கேட்டோம்.

"அக்கா, ஒரு புதினம் சொல்லட்டே? நான் ஒரு ரெக்கோட்டிலை பாடியிருக்கிறன். டிஸ்கோப் பாட்டு. பாடுறது ஒரு வெள்ளைக்காரி. பின்னாலை நாங்கள் மூண்டு பொம்பிளையள். பேர் ஒண்டும் போடமாட்டினம். ஆனால் அக்கா, அது ஒஸ்ரேலியாவுக்கும் வருதாம்! ரேடியோவிலை போட்டால் கேளுங்கோ என்ன. அத்தானுக்கு இப்ப சொல்லாதையுங்கோ."

அத்தான் பக்கத்திலேயே இருந்தார். அப்பா எட்டி நிறுத்தினார்.

"டிஸ்கோவோ?" என்றார்.

அம்மா வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

அப்பா கொதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். சிட்னியில் கணக்காளராக இருந்த ஒரு மாப்பிள்ளைக்கு ஆசையம்மாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாதான் ஓடியாடி யாரோ ஒருவர் மூலம் அதைக் கொண்டுவந்தார். குறிப்புப் பொருந்திவிட்டது. படமும் பிடித்துவிட்டது. இது சரிவந்தால் ஆசையம்மா சிட்னிக்கு வந்துவிடுவார். அம்மாவுக்கு இந்த நாட்டில் சொந்தமென்று ஓர் ஆள் இருக்கும். அப்பா ஒரு சாலை வரைபடம் வாங்கி, நோபல் பார்க்கிலிருந்து சிட்னிவரை சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தார். "ஒவ்வொரு லீவுக்கும் போயிட்டு வரலாம்," என்று அம்மாவிடம் சொல்வார். பேச்சுக் குறைந்த மனிதர். அவர் அம்மாவுக்குச் செய்த காதல் அந்தக் கோடுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சமைத்தார். தனக்குள் ஏதோ முணுமுணுப்பார். தங்கை வந்தால் எந்த அறையில் படுப்பாள், எந்தப் போர்வை, எந்தச் சீலையை எடுத்துக் கொடுப்பது. நானும் என் பங்குக்குக் கனவு கண்டேன். பள்ளிக்கூட வாசலில் என்னை ஏற்றிப்போக ஆசையம்மா வந்து நிற்பதாகவும் எல்லோரும் பார்ப்பதாகவும்.

"இப்ப போய் டிஸ்கோ அது இது எண்டு வெளியிலை தெரிஞ்சால், பெட்டை கிளப்பிலை பாடித் திரியிறாள் எண்டெல்லோ கதைப்பினம்," என்றார் அப்பா. "இந்தக் கதை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அவளையும் உசுப்பிவிடாதையும். பாட்டைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்."

"சம்பந்தத்தைப் பற்றியாவது அவளுக்குச் சொல்லட்டே?" என்று அம்மா கேட்டார்.

"சரிவந்தாப் பிறகு சொல்லலாம். இப்ப சொல்லி, பிறகு குழம்பினால் அவளுக்குத்தானே மனவருத்தம்."

நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குச் சொல்லாமலே பெண்ணைப் பேசுவார்கள். அதைக் கரிசனை என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள்.

நான் பாட்டுக்காகக் காத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து ரேடியோவின் முன் குந்திவிடுவேன். கசெற்றில் ஆசையம்மா சொன்ன அந்தப் பாட்டின் பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. அது பெரிய பாட்டே இல்லை. பெரிய பாட்டுகளெல்லாம் வந்தன, ஒரு நாளைக்குப் பல தடவை வந்தன, எனக்கு மனப்பாடமாயின. ஆசையம்மாவின் பாட்டு மட்டும் வரவில்லை. மண்ணெண்ணெய் ஹீற்றரின் மணம், யன்னல் கண்ணாடியில் படிந்த ஈரம், வெளியே நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கும் வானம். அம்மா வந்து, "போய்ப் படி பிள்ளை, கேட்டது காணும்," என்று ரேடியோவை நிறுத்துவார். அம்மாவுக்குத் தங்கையின் பாட்டில் அக்கறையே இல்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒரு சனிக்கிழமை, அப்பாவும் அம்மாவும் ஸ்பிரிங்வேலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் நைஸாக அங்கிருந்த இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்துவிட்டேன். தாடிக்காரர் ஒருவர் இருந்தார். பாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வந்தது. கொஞ்ச நாள் வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்," என்றார் ஆங்கிலத்தில்.

"அதில் என் சித்தி பாடுகிறார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உறையில் பாடகியின் படம் இருந்தது. பொன்னிறத் தலைமயிர்."

"என் சித்தி பின்னால் பாடுகிறவர்."

"பின்னால் பாடுகிறவர்களின் படத்தைப் போடுவதில்லை," என்றார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. ஆனால் நம்பவுமில்லை. கடையை விட்டு வெளியே வந்தபோது, ஆசையம்மா என்று ஒருவர் உலகத்தில் இருக்கிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஓகஸ்ட் லீவில் மாப்பிள்ளையின் அக்காவும் அவரின் கணவரும் சிட்னியிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. அக்கா வைத்ததுதான் சட்டம். ஊரிலென்றால் பெண் பார்க்க வருவார்கள், பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள். இங்கே பெண் லண்டனில். அப்பா அதற்கும் வழி கண்டார். "ஒரு தேவாரம் பாடி அனுப்பச் சொல்லும்," என்று அம்மாவிடம் சொன்னார். என்னத்துக்கென்று சொல்லாமலே அம்மா கேட்டார். சாமியறையில் போட்டுக் கேட்கத்தான் அக்கா கேட்கிறா என்று நினைத்து ஆசையம்மாவும் ஒரு புதுக் கசெற்றில் பாடி அனுப்பினார். உருகிப் பாடியிருந்தார். அம்மாவும் அவரும் ஒரே ஆசிரியரிடம், ஒரே பாயில் இருந்து படித்த சங்கீதம் அது. கசெற்றை அம்மா பெட்டியிலேயே விட்டுவைத்துச் சமைக்கும்போதெல்லாம் கேட்டார்.

அவர்கள் வந்த நாள் நன்றாக ஞாபகமிருக்கிறது. மழை. அம்மா விடியவே எழும்பிப் பருப்பு அரைத்திருந்தார். வீடெல்லாம் எண்ணெய் மணம். யன்னலைத் திறந்தால் குளிரும், திறக்காவிட்டால் மணக்கும் என்று அப்பா யன்னலைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். மாப்பிள்ளையின் அக்கா பெரிய பொட்டு வைத்து, பட்டுச் சீலைக்கு மேலே ஆண்களின் மழைக்கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். கலகலப்பான மனுசி. என் கன்னத்தைத் தட்டி, "உங்கட சித்தியைப் போல பாடுவீங்களோ?" என்று கேட்டார். அப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் சத்தமாகச் சிரித்தது எனக்கு ஒரு திருவிழா.

"குரலைக் கேளுங்கோவன்," என்று அப்பா பெட்டியைக் கொண்டுவந்து வரவேற்பறை மேசையில் வைத்து அழுத்தினார்.

ஆசையம்மா பாடினார். முதலடி முடிந்து இரண்டாமடியில் குரல் மேலே ஏறியது. மாப்பிள்ளையின் அக்கா கண்ணை மூடித் தலையாட்டினார். அப்பா மெதுவாகக் கதிரையில் சாய்ந்தார். அப்போது "டக்" என்று ஒரு சத்தம். ரேடியோ அறிவிப்பாளரின் பாதி வார்த்தை. பிறகு தும் தும் தும் தும் என்று ட்ரம், வயலின் கூட்டம், ஒரு வெள்ளைக்காரியின் குரல்.

அப்பா பாய்ந்து நிறுத்தப்போய், பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வீடே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அக்காவின் கணவர் முகத்தைக் கடுகடுவென்றுதான் வைத்திருந்தார், ஆனால் கதிரைக்குக் கீழே அவரின் கால் தாளம் போட்டதை நான் கண்டேன்.

"இவள்தான்... பிள்ளை விளையாட்டாய்..." என்று அப்பா என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரி பாடி நிறுத்தும் இடமெல்லாம் பின்னாலிருந்து மூன்று குரல்கள் எழும்பின. குளிர்காலம் முழுவதும் நான் குந்தியிருந்து காத்திருந்த பாட்டு! பகலில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமெல்லாம் அது எங்கள் குசினியில் ஒலித்திருக்கிறது.

அம்மா வடைத் தட்டோடு வாசலில் நின்றார்.

"அவள் இல்லை. நான்தான் பதிஞ்சனான்," என்றார். "ரேடியோவிலை திடீரெண்டு போட்டாங்கள். பெட்டிக்குள்ளை எது கிடக்கெண்டு பாக்கேல்லை. அழுத்திப்போட்டன். பிறகு சொல்லத் துணிவு வரேல்லை."

மாப்பிள்ளையின் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களோ? உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் பிடிக்குமோ?"

ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சிரித்து, வடையைத் தின்று, கதை அதோடு முடிந்திருக்கும். அப்பா அம்மாவைக் கண்ணால் கெஞ்சியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார்.

"பாடுறது என்ரை தங்கச்சி," என்றார் அம்மா.

"இதுவோ?"

"ஓம். முன்னுக்குப் பாடுறவ இல்லை. பின்னாலை மூண்டு பேர் வருகினம். கடைசியிலை கொஞ்சம் நெளிச்சு விடுறது அவள். இந்தா வருது, கேளுங்கோ."

அம்மாவின் குரலில் கரகரப்பே இல்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி, பாட்டு முடியும்வரை ஒருவரையும் அசையவிடாமல் அப்படியே நின்றார். வெளிநாட்டிலிருந்து வந்து, விற்காமல் திரும்பிப் போன அந்தப் பாட்டுக்கு ஒஸ்ரேலியாவில் கிடைத்த மிகப் பெரிய சபை நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் பாடுறா," என்றார் மாப்பிள்ளையின் அக்கா. "தம்பியோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்." வடையைத் தின்றார்கள், ரீ குடித்தார்கள், மழைக்குள் போய்விட்டார்கள்.

அப்பா சத்தம் போடவில்லை. "உமக்கு என்ன விசர் பிடிச்சது?" என்று மட்டும் கேட்டார்.

"எவ்வளவு நாளைக்கு என்ரை தங்கச்சியை நான் களவாக் கேக்கிறது?" என்றார் அம்மா. பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது.

சிட்னியிலிருந்து பதில் வரவில்லை. பாட்டால்தான் குழம்பியது என்று அப்பா முடிவு கட்டினார், அம்மாவும் அதை நம்பினார். மாப்பிள்ளை அந்த நேரமே தன்னோடு வேலை செய்த ஒரு கிரேக்கப் பெண்ணை விரும்பியிருந்தார், அக்காவுக்குச் சொல்லப் பயந்துகொண்டிருந்தார் என்பதெல்லாம் பல ஆண்டுகள் கழித்து யாரோ சிரிப்புக் கதையாகச் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அப்போது அம்மாவுக்கு அதனால் ஓர் ஆறுதலும் கிடைக்கவில்லை. தன் வாயால் தங்கையின் வாழ்வைக் கெடுத்துவிட்டதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்தார்.

குசினிச் சுவரிலிருந்த வரைபடத்தை அப்பா ஒருநாள் கழற்றிவிட்டார். கசெற் பேச்சும் குறைந்தது. அம்மா பதிய உட்காருவார், "தங்கச்சி, நாங்கள் சுகம்," என்பார், பிறகு சொல்ல ஒன்றும் வராது. சொல்லக்கூடாததைத் தவிர வேறு என்ன இருந்தது அவருக்கு? கசெற் நின்று, தீபாவளிக்கும் வருசப்பிறப்புக்கும் வாழ்த்துமட்டை என்றாகி, அப்படியே ஆண்டுகள் போயின. அந்தப் பாட்டுப் பதிந்த கசெற் நாங்கள் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. அம்மா அதைத் தேடினாரா என்று எனக்குத் தெரியாது. நான் தேடினேன்.

அம்மா இறந்து, அந்தியேட்டிச் சடங்கும் முடிந்த அடுத்த ஆண்டு நான் லண்டன் போனேன். ஆசையம்மா தனியாக இருந்தார். கலியாணம் செய்யவில்லை. என்னைக் கட்டிப்பிடித்தபோது அம்மாவின் எலும்புகளைத் தொட்டது போல இருந்தது. சாப்பிட்டு முடித்து யன்னலோரம் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம்.

"அந்தச் சிட்னிச் சம்பந்தம் குழம்பினது அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் மனவருத்தம், ஆசையம்மா," என்றேன்.

"எந்தச் சம்பந்தம்?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தேவாரத்துக்குள் டிஸ்கோ புகுந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார். "அப்ப அக்கா என்ரை பாட்டைக் கேட்டவவோ? ஒரு சொல்லும் சொல்லேல்லையே. பிடிக்கேல்லையாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

"பதிஞ்சு வைச்சுக் கேட்டவ. சிட்னி ஆக்களை நிப்பாட்டி வைச்சுக் கேக்கப் பண்ணினவ."

ஆசையம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த மாப்பிள்ளை எதுக்கு? நான் அங்கை வாறதுக்கோ?"

"ஓம். நீங்கள் கிட்ட வந்து இருக்கவேணும் எண்டுதான் எல்லாம்."

"விசர் பிள்ளை," என்றார். என்னைச் சொல்லவில்லை, அம்மாவைத்தான் சொன்னார். "அந்த நேரம் எங்கட ஆஸ்பத்திரிக்கே வந்து ஒஸ்ரேலியாவுக்கு நேர்ஸ்மாரைக் கேட்டுத் திரிஞ்சவங்கள். என்னோடை அறையிலை இருந்தவள் மெல்பேர்ணுக்குத்தான் போனவள். என்னையும் வா எண்டு இழுத்தவள். நான்தான் யோசிச்சன், அக்கா ஒருநாளும் என்னை வா எண்டு கேக்கேல்லை, அத்தானுக்குக் கரைச்சலாக்கும், கூப்பிடாத வீட்டுக்குக் கிட்டப் போய் ஏன் இருக்கவேணும் எண்டு."

நான் அவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே யாரோ காரைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

"ஒருக்கால் வா எண்டு சொல்லியிருந்தால் காணும், பிள்ளை," என்றார் ஆசையம்மா. "அடுத்த மாசமே வந்திருப்பன்."